பன்னிரண்டு மணிச் சாவுச் செய்தி

அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் யார் செத்தாலும் யாரும் யாருக்கும் ஃபோன் பண்ணமாட்டார்கள். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் ஆர்லிஸ் சொல்வாள். டிராக்டரில் இருப்பவன் டிராக்டரிலேயே கேட்பான், அடுப்படியில் இருப்பவள் அடுப்படியிலேயே கேட்பாள். ஊருக்கே சொன்ன மாதிரி.

ஆர்லிஸ் ரேடியோ நிலையத்துக்குத் தரை துடைக்கப் போனவள். ஒரு பனிப்புயலில் பேசுகிறவர் வரமுடியாமல் போக, மைக் முன்னால் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. காணாமல்போன கன்று, பள்ளிக்கூட லீவு, பக்கத்துக்காட்டுச் சண்டை எல்லாம் அவள் வாயில்தான் ஊருக்குப் போகும்.

"டுவேன், மாடு மேஞ்சிடுச்சுன்னு எங்கிட்ட ஃபோன்ல கத்தாதே. போய் வேலியைக் கட்டுய்யா!"

ஊரே சிரிக்கும். டுவேனும் சிரிப்பான்.

நிலையத்து முதலாளிக்கு வயசாகிவிட்டது. டெக்சாஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டுப் போனார். கம்பெனி அனுப்பிய மானேஜர் டிரெவர், வந்த உடனே பன்னிரண்டு மணியில் கையை வைத்தான். இனி அந்த நேரத்தில் எங்கோ உட்கார்ந்து வாஷிங்டன் அரசாங்கத்தைத் திட்டுகிற ஒருத்தன் கத்துவானாம்.

"அப்போ சாவுச் செய்தி?" என்றாள் ஆர்லிஸ்.

"எங்கிட்ட குடுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். அது பாத்துக்கும்."

நம்பினாள். அதுதான் அவள் செய்த பிசகு.

அறுவடை நேரத்தில் ஊர் விவசாயி ஓரின் ஹாகன் போய்ச் சேர்ந்தார். மனைவி போர்கில்ட் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதி, ஆர்லிஸே டிரெவர் கையில் கொடுத்தாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவள் சர்ச்சின் கீழ்த்தளத்தில், மற்றப் பெண்களோடு அடக்கச் சாப்பாட்டுக்குப் பன்னில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கான்கிரீட்டுக்குள் ரேடியோ எடுக்காது. ஊருக்குச் சொல்லியிருக்கும் என்றே எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

அடக்கத்தன்று காலையில் முன்வரிசைகூட நிரம்பவில்லை. கீழே பன்றிக்கறி வைத்த பன்கள் தட்டுத்தட்டாக அடுக்கியபடியே கிடந்தன. அடக்கம் முடிந்த பிறகும் போர்கில்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு, ஆர்லிஸ்? ஏன் ஒருத்தரும் வரல?"

ஆர்லிஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோட்டைக்கூட எடுக்காமல் நிலையத்துக்கு நடந்தாள்.

"சொன்னியா இல்லையா?"

"நம்ம வெப்சைட்ல போட்டிருக்கேனே," என்றான் டிரெவர்.

"கதிர் அறுக்கிறவன் கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு எவன் செத்தான்னு பாத்துக்கிட்டிருப்பானா? மூளை இருக்கா உனக்கு?"

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கத்துகிறவன் கத்த ஆரம்பித்திருந்தான். உள்ளே போய் அவன் சத்தத்தை அடியோடு இறக்கினாள். மைக்கைத் திறந்தாள்.

"ஆர்லிஸ் பேசறேன். ஓரின் ஹாகன் போயிட்டாரு. அடக்கமும் முடிஞ்சுபோச்சு. உங்களுக்குச் சொல்லாம விட்டது இந்த ரேடியோ. போர்கில்ட் சர்ச்சுல தனியா உக்காந்திருக்கா. சாப்பாடு அப்படியே கிடக்கு. மிஷினை நிறுத்திட்டு வாங்க."

"உங்களுக்கு இனிமே இங்க வேலை இல்ல," என்றான் டிரெவர், முகம் சிவந்து.

"தெரியும். தள்ளு."

ஆர்லிஸ் திரும்பி வருவதற்குள் சர்ச் வாசலில் லாரிகள் நின்றன. வேலை செய்த உடுப்போடு, தலையெல்லாம் கோதுமைத்தூசியோடு வந்தார்கள். டுவேன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு போர்கில்ட் முன்னால் நின்றான்.

"சத்தியமா தெரியாதுக்கா. தெரிஞ்சா வராம இருப்பேனா?"

போர்கில்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் டிரெவரும் வந்தான், நிலையத்துச் சாவியை வாங்க. ஆர்லிஸ் அதை மேஜைமேல் எறிந்தாள். போர்கில்ட் அவனுக்கும் ஒரு தட்டை நீட்டினாள்.

"அவனுக்கு எதுக்கு?" என்று சீறினாள் ஆர்லிஸ்.

"சும்மா இரு. வந்தவனைப் பட்டினியா அனுப்பச் சொல்றியா?"

சாவு வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், மீற முடியாது. ஆர்லிஸ் காப்பிக் கூஜாவை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக ஊற்றிக்கொண்டு போனாள். டிரெவர் கோப்பையை நீட்டினான். அவனைத் தாண்டிப் போய் அடுத்தவனுக்கு ஊற்றினாள்.