வரியில்லாக் கடையும் கயிறு கட்டிய பெட்டியும்

போன வாரம் விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடையில் ஒரு பெண் கேட்காமலே என் மணிக்கட்டில் சென்ட் அடித்துவிட்டாள். நான் வாங்கவில்லை, வாங்குகிற ஆளும் இல்லை. ஆனால் விமானத்தில் உட்கார்ந்த பிறகு கை அடிக்கடி மூக்கருகே போனது. கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டில் பெட்டி பிரிக்கும்போது வருகிற வாசம் அது.

அந்தக் காலத்தில் அரபு நாட்டிலிருந்து ஆள் மட்டும் வந்தால் போதாது, பெட்டியும் வர வேண்டும். சொந்தபந்தம் கூடாமல் கயிற்றை அறுக்கக் கூடாது. அறுத்ததும் சென்ட், சோப்பு, பால்பவுடர், கோடாலித் தைலம் எல்லாம் கலந்து கூடமே மணக்கும். பங்கு பிரிப்பது பெரியம்மா. டூட்டி ஃப்ரீ பையில் வந்த சாமானுக்குத் தனி மரியாதை. பை கிழிகிற வரை அதில்தான் கீரை வாங்கி வருவோம்.

ஷார்ஜாவில் இருந்த அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், அந்தப் பை இருந்தால் உலகத்தில் எங்கேயும் வரி கிடையாது என்று நம்பினார். ஊரில் பாதிப் பேரின் நம்பிக்கையும் அதுதான். ஒருமுறை வீடியோ கேமரா வாங்கி, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுங்க அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"டூட்டி ஃப்ரீ சார்!"

"அது அந்த ஊரு டூட்டிங்க. நம்ம ஊருக்கு இங்க கட்டுங்க."

கட்டினார். கட்டியதை ஈடுசெய்ய லீவை முறித்துக்கொண்டு சீக்கிரமே திரும்பினார். கேமரா அலமாரியில் இருந்தது. அதில் படம் எடுக்கத் தெரிந்தவர் ஷார்ஜாவில் இருந்தார்.

பி.காம். திமிரோடு பிறகு நானும் அங்கே போய்க் கணக்கெழுதினேன். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைக்க வேண்டும், ஷார்ஜாவுக்குத் திரும்பவே கூடாது என்று வெறி. சேர்த்தது கடை அட்வான்சுக்குத்தான் காணும். பெட்டி கட்டினால் அட்வான்ஸ் போச்சு, மறுபடி ஷார்ஜா.

அதனால் கிளம்பும் முன் கடை கடையாக ஏறி விலை கேட்டேன். சோப்பும் சாக்லேட்டும் விமான நிலையத்தைவிட ஷார்ஜாவில் நான் தங்கிய தெருமுனைக் கடையில் மலிவு! வரி எழுந்துபோன இடத்தில் வாடகையும் லாபமும் கால் நீட்டிப் படுத்திருந்தன. நிஜமாக மிச்சமாவது மதுவுக்கும் சிகரெட்டுக்கும்தான். வெளியே வரி தீட்டுவது அவற்றுக்குத்தானே. எங்கள் வீட்டுக்கு அதனால் என்ன பிரயோசனம், சொல்லுங்கள்? இன்னொரு கூத்து: எங்கள் ஊர் ஃபாரின் சாமான் கடையில் அதே சோப்பு அதைவிடவும் மலிவு. பெட்டியில் பங்கு வாங்கியவர்கள் சத்தமில்லாமல் அங்கே விற்றுவிட்டுப் போவார்கள்!

ஒற்றைக் கைப்பையோடு வந்து இறங்கினேன். ஊர் ஃபாரின் சாமான் கடையிலேயே ஆளுக்கொரு சோப்பும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். கூடம் நிறைய ஆட்கள்.

"பெட்டி எங்கடா?" என்றார் பெரியம்மா.

"பெட்டி இல்ல பெரியம்மா. இது நம்ம கடைத்தெருவுல வாங்குனது."

அவர் சோப்பை முகர்ந்து பார்த்தார். "அதானே, அந்த வாசமே வரல. ஊரு சிரிக்கப் போவுது."

"அதே சோப்புதான். நீங்க போன தடவை வித்ததாக்கூட இருக்கும்."

சித்தி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "புள்ளய வளத்த லட்சணத்தப் பாரு."

யாரிடமும் குரல் உயர்த்தாத அம்மா எழுந்து நின்றாள். "பெட்டி வரலன்னா என்ன? எம்புள்ள வந்துட்டான், இனிமே போவ மாட்டான். பெட்டி வந்த வூட்டுலல்லாம் ஆளு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா என்னிடம் மட்டும் பேசினாள்: "இந்தக் கணக்க ஒங்க மச்சானுக்கும் போன்ல சொல்லேன்."

சொன்னேன். போன் போட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சிரித்தார், கோபித்தார், ஒருநாள் வெறுங்கையோடு வந்து நின்றார். பெரியம்மா அன்று எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

கயிறு அறுபடும் அந்த மாலைகள் எங்கள் வீட்டில் அத்தோடு போயின. எல்லோரும் கூடி உட்கார்ந்த ஒரே வேளையும் போனது என்று இன்றும் குறைப்படுகிறார்கள். போகட்டும். இப்போது அக்கா வீட்டில் தினமும் இரண்டு பேர் சண்டை போடுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்கிறது.