நான் வெட்டி எறிந்த குரல்

போன கார்த்திகை மாசம், திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற ரோட்டில் இருக்கிற என் கடையில் நடந்தது. நான் நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நகரிப் பக்கம் கல்யாணங்களுக்கு மைக்செட் தூக்கினவன், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தே ரெண்டு மாடி கட்டினேன். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரச் சீமையில் முதல் இடம் பிடித்த பாட்டு எதுவானாலும், முதல் தாளத்திலேயே சொல்லிவிடுவேன். பழைய கேசட்டைப் பென்டிரைவுக்கு மாற்ற, இப்பவும் சித்தூரிலிருந்துகூட என்னைத்தான் தேடி வருகிறார்கள்.

அப்படித்தான் குடிபாலாவிலிருந்து ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். பூஞ்சை பிடித்த ஒரே ஒரு கேசட். காலேஜ் நாளில் வீட்டுக்காரர் ரேடியோவிலிருந்து பிடித்த இங்கிலீஷ் பாட்டுகள் என்றார் அந்த அம்மா. "எந்த வருஷம் சார் பிடிச்சது?" என்று கேட்டேன். சிரித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. கழுத்தில் மப்ளர் வேறு. படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு வாலிபக் குரல் இங்கிலீஷில் என்னவோ அறிவித்தது. எங்கள் தொழிலில் பாட்டைத் தவிர மற்றதெல்லாம் குப்பை. பேச்சு வந்த இடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி, பாட்டை மட்டும் சுத்தமாக ஏற்றினேன். கேசட்டைக் குப்பைக்கூடையில் போட்டேன். பூஞ்சை பிடித்ததை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். பெருமையாகப் போட்டுக் காட்டினேன். மூணாவது பாட்டிலேயே அந்த அம்மா முகம் மாறிவிட்டது.

"நடுவுல பேசிக்கினு இருக்குமே, அது எங்கண்ணா?"

"ரேடியோக்காரன் லொடலொடப்பா? எல்லாத்தையும் எடுத்துட்டேம்மா. இப்ப கேளு, தேனாட்டம் இருக்கும்."

"அய்யோ, அது இவரு பேசினதுண்ணா! ரேடியோக்காரன் மாதிரியே பேசி வச்சிருந்தாரு. போன வருஷம் தொண்டையில ஆபரேஷன் ஆகி பேச்சே போயிடுச்சு. பாட்டு யாருக்கு வேணும், அது போன்லயே வருது!"

அவர் மனைவியின் கையைப் பிடித்து, 'விடு' என்பதுபோல் தலையாட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூடை காலி. காலையிலேயே பெருக்கிக் கொட்டியாகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைத் தொட்டிக்கு ஓடினேன். குப்பை வண்டிக்காரர் அப்போதுதான் அதைக் கவிழ்க்கப் போனார். நான் கையை விட்டுத் துழாவுவதைப் பார்த்து, "இன்னா பெத்தாயனா, பங்காரம் கிங்காரம் விழுந்துடுச்சா?" என்று பாதித் தெலுங்கில் கேட்டுச் சிரித்தார்.

"தங்கம்னா போகட்டும்னு விட்டிருப்பேன் நைனா."

அவரும் குனிந்து தேடினார். வாடின சாமந்திக்கும் டீத்தூளுக்கும் நடுவில் கேசட் உடைந்து, நாடா வெளியே பிதுங்கிக் கிடந்தது.

நாடாவைத் துடைத்து, வேறு கேசட் கூட்டில் மாற்றிச் சுற்றினேன். கசங்கின இடமெல்லாம் வெறும் கரகரப்பு. மூன்றே மூன்று அறிவிப்புதான் பிழைத்தது. கடைசியில், "நம்பர் ஒன்!" என்று அந்த வாலிபன் இங்கிலீஷில் கத்தினபோது, அவர் சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். "அப்பவே இன்னா அலட்டல் பாரு" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அந்த அம்மா அழுதார்.

அவருக்கு மிச்சமிருந்த குரலையும் கெடுத்தவன் நான். அப்படியும் போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினாரே, அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.