உப்பளத்துக்காரர் பட்டணத்தில் வீடு பார்த்தது

என் வீட்டுக்காரருக்கு மரத்தைக் கண்டால் ஆகாது. ஊரே வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுக்கிற வெயிலிலும் இவர் அண்ணாந்து பார்த்து, "இது இங்க எதுக்கு?" என்று கேட்பார். மரக்காணத்தில் குத்தகைக்குப் பாத்திகள் எடுத்து உப்பு விளைவிக்கிறவர். பாத்தியில் நிழல் விழுந்தால் தண்ணீர் காயாது, தண்ணீர் காயாவிட்டால் உப்பு விளையாது. அதனால் மரம், மேகம், மழை, உயரமான கட்டடம் எல்லாம் அவருக்கு எதிர்க்கட்சி. இப்படிப்பட்ட மனிதரை அழைத்துக்கொண்டு 2005ஆம் வருஷம் சென்னைக்குள் வீடு தேடினேன் என்றால் என் தைரியத்தை நீங்கள் மெச்சத்தான் வேண்டும்.

அந்த வருஷம் தை மாதம்தான் எனக்கு எழும்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. புரசைவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டேன். சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து மரக்காணம் போவேன். திங்கட்கிழமை விடியலில் முதல் பஸ்ஸில் திரும்புவேன். நடுவில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கு என்று நினைத்தால், உப்பு வாருகிற நாட்களில் அதுவும் கிடையாது. உப்புக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன? அவர் அளத்தில் இருப்பார், நான் வீட்டில் அவருடைய சட்டையைத் துவைத்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி இரண்டே வருஷம். வாரத்துக்கு ஒரு நாள் புருஷன், அதிலும் சாயங்காலத்துக்கு மேல்தான்.

ஆவணியில் விடுதிக்காரர் கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, புரட்டாசிக்குள் எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்போதுதான் வீடு எடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும்; ஐப்பசியிலிருந்து தை வரை அவருக்கு வேலை இல்லை. "மழ மாசத்துல நானும் வந்துடறேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

எனக்கு வேண்டியதும் அதுதான். வீடு எப்படி இருந்தால் என்ன, வருஷத்தில் மூன்று மாதமாவது அவர் என்னோடு இருக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தையை நான் நம்பவில்லை. காரணம் இருந்தது. அவர் எல்லோருக்கும் "வரேன்" என்று சொல்கிற ஆள். கல்யாணப் பத்திரிகை வைத்தால் வரேன், காதுகுத்து என்றால் வரேன், கட்சிக் கூட்டம் என்றால் வரேன். எதற்கும் போகமாட்டார். பாண்டிச்சேரியில் என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்தவர், முகூர்த்தத்துக்கு முந்தின நாளே "மூச்சு முட்டுது" என்று சொல்லிக் கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். தாலி கட்டும்போது அவர் எங்கே எங்கே என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லி முடியவில்லை. அந்த மனிதர் சென்னையில் மூன்று மாதம் இருப்பாராம். நானும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, என் பாட்டுக்கு வீடு தேட ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போவதை நிறுத்தினேன். அவர் முதல் பஸ்ஸில் கோயம்பேட்டுக்கு வருவார். நானும் புரோக்கரும் காத்திருப்போம். புரோக்கர் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். எந்த வீட்டைக் காட்டினாலும் "இது மாதிரி வராது மேடம்" என்பார். அலுவலகத்துக்குப் பக்கத்தில், நகரத்துக்கு உள்ளேயே வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டதால் மயிலாப்பூர், ராயப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை என்று ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

மயிலாப்பூர் வீட்டை நான் பார்த்ததுமே குடியேறிவிட்டேன், மனசால். தரைத்தளம். முன்னால் ஒரு மாமரம், பின்னால் ஒரு பவழமல்லி. சிமெண்டுத் தரை ஜில்லென்று இருந்தது. வாசலில் இரும்புக் கேட், அதை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுச் சொந்தக்காரரே பூட்டிவிடுவாராம். பெண்பிள்ளை பயமில்லாமல் இருக்கலாம். என் ஆள் வாசலிலேயே நின்று மாமரத்தைப் பார்த்தார். அப்புறம் உள்ளே வந்து சுவரைத் தொட்டார். "காத்து எங்கருந்து வருதுங்க?" என்று வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டார். ஃபேன் இருக்கிறதே என்றார் அவர். இவர் என்னைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்.

"மீன் கொழம்பு வெக்கலாங்களா?"

வீட்டுச் சொந்தக்காரர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். புரோக்கர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் நான் கத்தினேன். நான் வாரத்துக்கு அஞ்சு நாள் பருப்பும் ரசமும் வைத்துச் சாப்பிட்டால் போதாதா, மீன் இல்லாவிட்டால் செத்தா போவேன், நல்ல வீட்டைக் கெடுத்துவிட்டீர்களே என்று. எங்கள் வீட்டில் மீன் சமைப்பது அவர்தான். நான் வைத்தால் புளி தூக்கலாக இருக்கும்.

அடுத்த வாரம் ராயப்பேட்டை. மரம் இல்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. இவர் நேராகக் குழாய்க்குப் போனார். அந்த வருஷம் சென்னையில் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஒரு பதற்றம்; லாரி வந்தால்தான் நல்ல தண்ணீர், மற்றதெல்லாம் போர் தண்ணீர். இவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார், உப்பளத்தில் தண்ணீர் பக்குவம் பார்க்கிறாரே அதே மாதிரி. நாங்கள் எல்லோரும், வீட்டுச் சொந்தக்காரர் உட்பட, தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"இத பாத்தியில உட்டா பத்து நாள்ல உப்பு வாரலாம்" என்றார்.

பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று வீட்டுச் சொந்தக்காரருக்குப் புரியவில்லை. எனக்கே சரியாகப் புரியவில்லை. அதோடு விட்டாரா? சமையலறைக்குள் போய் இரண்டு கையையும் நீட்டினார். இரண்டு பக்கச் சுவரும் இடித்தது.

"ஒருத்தரு உள்ள இருந்தா இன்னொருத்தரு வெளிய நிக்கணும்."

"சமையக்கட்டுல இன்னா மாநாடா நடத்தப் போறோம்?" என்றேன்.

அந்த வீடும் போயிற்று. சிந்தாதிரிப்பேட்டையில் பக்கத்துக் கட்டடம் நாலு மாடி, மத்தியானத்துக்கு மேல் வெயில் இல்லை என்று அது போயிற்று. உலகத்திலேயே வீட்டுக்குள் வெயில் வரவில்லை என்று குறைபட்ட ஒரே வாடகைக்காரர் இவராகத்தான் இருப்பார் என்று புரோக்கர் என் காதில் சொன்னார். அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் என் வீட்டுக்காரர் வீடு பார்த்த கதையைக் கேட்க ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. நானும் கையை நீட்டி, கண்ணை மூடி, நாக்கை நீட்டி நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் விடுதிக்குத் திரும்பும்போது மட்டும் மனசு கசந்துவிடும். இவருக்கு வர இஷ்டமில்லை, அதை நேராகச் சொல்ல முடியாமல்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நொட்டை சொல்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வராவிட்டால் போகட்டும், என்னையாவது ஒரு வீட்டில் இருக்க விடலாம் அல்லவா?

நாலாவது ஞாயிறு, திருவல்லிக்கேணி. காலி செய்ய ஒரு வாரம்தான் பாக்கி. எனக்கு அந்தப் பக்கமே வேண்டாம் என்றிருந்தது. முந்தின மார்கழியில் சுனாமி வந்தபோது எங்கள் பக்கத்துக் குப்பங்களில் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவள் நான். கடலுக்குக் கிட்டே குடியிருக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். "மூணாவது மாடி மேடம். அலை வந்தாலும் படியேறி வராது" என்றார் புரோக்கர்.

படியேறியதும் மொட்டைமாடி. அதில் ஒரு ஓரமாக ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலறை. அவ்வளவுதான் வீடு. காலை பத்து மணிக்கே தரையில் கால் வைக்க முடியவில்லை. சுற்றிலும் எங்கேயும் ஒரு இலை கிடையாது. கிழக்கே கட்டடங்களுக்கு நடுவில் ஒரு கீற்று கடல் தெரிந்தது. இவர் மாடி நடுவில் போய் நின்றார். நாலு திசையும் பார்த்தார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்தார். ஒரு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு முகத்தில் வந்தது.

"இது நல்லா இருக்குது" என்றார். "கடக்காத்து நேரா வருது. வெயிலும் எங்கயும் அடைபடல."

"வீடு பாக்கச் சொன்னா உப்பளம் பாத்து வெச்சிருக்கீங்க" என்றேன். "சித்திரையில இங்க மனுஷி இருந்தா அப்பளமாட்டம் பொரிஞ்சிடுவா."

"சித்திரை வந்தா மேல ஒரு கீத்துக் கொட்டா போட்டுக்கலாம். நானே போடறேன்."

நிழலுக்குப் பந்தல் போடுகிறேன் என்று அவர் வாயால் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு இருந்த எரிச்சலில் கவனிக்கவில்லை.

கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். அறுபது வயது இருக்கும். உருது கலந்த தமிழ். மீன் சமைக்கலாமா என்று இவர் கேட்டதற்கு, "தாராளமா சமைங்க, ஒரு துண்டு எனக்கும் குடுங்க" என்று சிரித்தார். பிறகு தண்ணீர் விஷயத்துக்கு வந்தார். லாரி தண்ணீரைப் பங்கு வைக்க வேண்டும், அதனால் ஆள் கணக்கு தெரிய வேண்டும்.

"எத்தினி பேரும்மா?"

"நான் ஒருத்திதாங்க" என்றேன்.

"ரெண்டு பேருங்க" என்றார் அவர், அதே நேரத்தில்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். புரோக்கர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். என் வீட்டுக்காரர் திரும்பிப் படியேறிப் போனார். "போயி பேசிட்டு வாங்கம்மா, நான் இங்கதான் இருப்பேன்" என்றார் அந்த அம்மா.

மேலே அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கியிருந்ததால் கோபமா என்று தெரியவில்லை.

"ஒருத்திக்குன்னா, என்னை எதுக்கு நாலு வாரமா இழுத்துக்கினு சுத்துன?"

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"வரேன்னு சொன்னேனே."

"எல்லாருக்குந்தான் வரேன்னு சொல்றீங்க. ஒருத்தர் வீட்டுக்காவது போயிருக்கீங்களா?"

"அவங்கள்லாம் என் பொண்டாட்டியா?" என்றார்.

அவரே தொடர்ந்து பேசினார். சத்தம் குறைந்திருந்தது.

"உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துல ஓடி வந்தன் பாரு, அது எனக்கும் அசிங்கமாத்தான் இருந்துச்சு. நாலு செவுத்துக்குள்ள அடச்சி வெச்சா என்னால ரெண்டு நாள் இருக்க முடியாது. எனக்கே தெரியும். நீ காட்டுன வீட்ல எல்லாம் நான் மூணாம் நாளு பஸ் ஏறியிருப்பேன். அதான் ஓடாம இருக்கற மாதிரி ஒரு எடம் தேடனேன்."

நாலு வாரம் நான் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அலுவலகத்தையே கூட்டி வைத்து நடித்துக் காட்டியிருக்கிறேன். அவர் வரமாட்டாரே என்று அழுதுகொண்டே, பூட்டின கேட்டும் ஒரு ஆள் சமையலறையுமாக எனக்கு மட்டும் வீடு பார்த்தவள் நான்தான். கிடைத்த வீட்டிலெல்லாம் இரண்டு பேரை வைத்துப் பார்த்தவர் அவர். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அழுகை வந்தது, தரை சுட்டதால் வந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் நம்பினவர் மாதிரி, "செருப்பப் போட்டுக்கோ" என்றார்.

நான் மட்டும் படியிறங்கிப் போய் அந்த அம்மாவிடம், "ரெண்டு பேருங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டார். இருந்தாலும் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "ரெண்டு பேருங்க" என்றேன். மாடியில் நின்றவருக்குக் கேட்க வேண்டும்.