பேச்செல்லாம் முடியட்டும் அப்பா

யாழ்ப்பாண நகரத்தின் பழைய அரங்கில் என் மகளின் முதல் நாடகம். சுன்னாகத்திலிருந்து அப்பாவைக் கூட்டிப் போவதை நினைத்து எனக்கு நித்திரையே இல்லை. பக்கவாதம் வந்து தேறியவர். படி ஏறுவாரா, மரக்கதிரையில் எவ்வளவு நேரம் இருப்பார் என்று ஒரே பதற்றம். முதல் நாளே தனியாகப் போய்ப் படிகளையும் மலசலகூடத்தையும் பார்த்துவிட்டு வந்தேன்.

அழைப்பிதழில் ஐந்து மணி என்றிருந்தது. எங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? விளக்கேற்றி, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிய எப்படியும் ஆறாகும். அதுவரை அப்பா ஏன் கஷ்டப்பட வேண்டும்?

மத்தியானமே வேட்டி கட்டி ஆயத்தமாகிவிட்ட அப்பா, "வெளிக்கிடுவமே தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பொறுங்கோ அப்பா, இப்ப பேச்சுத்தான் நடக்கும்" என்றேன்.

ஆறு மணிக்கு ஓட்டோவால் இறங்கும்போதே உள்ளே பலத்த கைதட்டல். வாழ்த்துரைக்கு இப்படித் தட்ட மாட்டார்களே என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தேன்.

வாசலில் நின்றவர், "பேச்சு ஒண்டும் வைக்கேல்லை அண்ணை. சொன்ன நேரத்துக்கே துவங்கிட்டினம். இப்ப கடைசிக் காட்சி" என்றார்.

அப்பா என் கையை உதறிவிட்டுத் தானாகவே படியேறினார். கதிரை தேடவில்லை. பின்சுவரில் சாய்ந்து, திரை மூடும்வரை நின்றே பார்த்தார்.

ஒப்பனை கலையாமல் தாத்தாவிடம் ஓடிவந்த மகள், "அப்பப்பா, எல்லாம் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. துவக்கத்திலையிருந்தே பின்னாலை நிண்டு பாத்தனான்" என்றார் அப்பா. என் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

இப்போதெல்லாம் அவர் "வெளிக்கிடுவமே?" என்று கேட்டு முடிப்பதற்குள் நான் செருப்பைப் போட்டுவிடுகிறேன்.