நாலு பத்து பஸ்ஸுக்காக விட்ட பாடம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு பல்கலைக்கழக கவுன்டருக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஐம்பது வயதில்! பெறுபேறு வரும் நாளில் ஓ.எல் பரீட்சை எழுதிய பிள்ளைகள் நிற்பார்களே, அதே நிலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மிஸ்ஸுக்கு என் மகள் வயது இருக்கும். என்னுடைய பழைய டிப்ளோமா சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்பு விழுந்த இடத்தில் அது இரண்டாகப் பிரியப் பார்க்கிறது. பிரியாதா பின்னே? இருபத்தெட்டு வருடமாக அலுமாரியின் மேல் தட்டில், கல்யாணச் சேலைக்கு அடியில் கிடந்தது.

"உங்க ரெண்டு வருஷப் படிப்பையும் எடுத்துக்கலாம் மிஸ். நீங்க நேரா மூணாம் வருஷத்துக்கே வரலாம். ஆனா..."

இந்த 'ஆனா' இருக்கிறதே! என் வாழ்க்கையில் நல்ல செய்தி எதுவும் இது இல்லாமல் வந்ததே கிடையாது.

"...ஒரு பாடம் குறையுது. புள்ளிவிபரவியல்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய், "தண்ணி ஏதும் வேணுமா மிஸ்?" என்று கேட்டது.

என்ன சொல்வது? இதே பாடம் இல்லாததால்தான் இருபத்திரண்டு வயதில் நான் வேறொரு கவுன்டரிலிருந்து திரும்பி வந்தேன் என்றா? விட்ட இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது பாருங்கள், சனியன்!

ஆனால் இந்த முறை ஒரு வழி இருக்கிறது. சனிக்கிழமைகளில் மூன்று மாத இணைப்பு வகுப்பு. அதில் பாஸ் பண்ணினால் மூன்றாம் வருடத்துக்குள் போகலாம். ஒரு வருடத்தில் பட்டதாரி! ஒரே ஒரு நிபந்தனை — எங்கள் காலத்து டிப்ளோமாக்களை எடுப்பது இதுவே கடைசி முறை. மாத முடிவுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அந்தச் சான்றிதழைத் திரும்பச் சேலைக்கு அடியிலேயே வைத்துவிட வேண்டியதுதான்.

"இனி எதற்கு?" என்று கேட்பீர்கள். என் கணவரும் கேட்டார். எந்தப் படிவத்தை நிரப்பினாலும் 'உயர்ந்த கல்வித் தகைமை' என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் எழுதும்போதெல்லாம் என் பேனா கொஞ்சம் நிற்கிறது. அவ்வளவுதான் காரணம். உங்களுக்குப் போதாவிட்டாலும் எனக்குப் போதும்.

சரி, அந்தப் பாடத்தை ஏன் விட்டேன்? அது ஒரு பஸ்ஸின் கதை.

ஏ.எல் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி எனக்குக் கொஞ்சத்தில் தவறியது. திரும்ப எழுத வீட்டில் விடமாட்டார்கள். அப்போதுதான் கண்டியில் ஒரு கல்லூரியில் இரண்டு வருட வர்த்தக டிப்ளோமா இருப்பது தெரிந்தது. அதை முடித்தால் கெம்பஸில் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம் என்றார்கள். முன்வாசல் மூடினால் என்ன, பின்வாசல் இருக்கிறதே! ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவின் மகளாக நான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தவள் ரிபாயா. மடவளைக்காரி. உட்கார்ந்த கையோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, "ஆணம் எரிக்கும், பாத்துத் தின்னு" என்றாள். கறி உறைக்குமாம். சிநேகிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகப் படிப்பது, ஒன்றாகக் கெம்பஸுக்கு மாறுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இரண்டாம் வருடத்தில் ஒரு பாடத்தை நாமே தெரிவு செய்யலாம். புள்ளிவிபரவியலா, வணிகக் கடிதத் தொடர்பா? எந்தப் பாடம் கெம்பஸுக்குத் தேவை என்ற பட்டியல் நூலக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. நாங்கள் அதைப் பார்த்தோமா? பார்த்தோம்... கண்ணாடியில் எங்கள் தலைமுடியைச் சரிபார்த்தோம்.

நாங்கள் உண்மையில் பார்த்தது டைம்டேபிளை. புள்ளிவிபரவியல் வகுப்பு முடிவது ஐந்து மணிக்கு. எங்கள் தோட்டத்துச் சந்தி வரை போகிற கடைசி பஸ் கண்டியிலிருந்து புறப்படுவது நாலு பத்துக்கு. அதை விட்டால் வேறு பஸ் இல்லை. சந்தியில் அப்பா நிற்பார். பஸ்ஸிலிருந்து நான் இறங்காவிட்டால் மறுநாள் கல்லூரியே இல்லை. பிறகு என்ன யோசனை? கடிதத் தொடர்பு வகுப்பு இரண்டரைக்கே முடிகிறது. பாடம் எதுவானால் என்ன, பாஸ் பாஸ்தானே!

உலகத்தில் எங்காவது பாடத்தை பஸ் பார்த்துத் தெரிவு செய்வார்களா? செய்வார்கள். மலையில் குடியிருக்கிறவர்கள் அத்தனை பேரும் செய்வார்கள்.

"நானும் கடிதந்தான்" என்றாள் ரிபாயா. "அஞ்சு மணி மட்டும் நிண்டா வாப்பா ஏசுவாரு."

எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்!

அந்த வருடம் முழுக்க என்னை பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். நாலு பத்து பஸ்ஸில் சீட் பிடிப்பது லேசான காரியமில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் தன் குடையைச் சீட்டில் போட்டுவிடுவாள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு நான் ஏறி, குடை கிடக்கிற இடத்தில் உட்கார்ந்து, குடையை ஜன்னலால் திருப்பிக் கொடுப்பேன். ஒரு நாள் கொடுக்க மறந்துவிட்டேன். குடை என்னோடு ஹுன்னஸ்கிரியவுக்கு வந்துவிட்டது. மடவளைக்காரி மழையில் நனைந்து போய் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் விட்டு வந்தவள் முதலில் கேட்டது, "என்ட குட சொகமா?"

டிப்ளோமா முடிந்தது. இரண்டு பேருக்கும் நல்ல பெறுபேறு. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கெம்பஸ் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த ஐயா தாளை இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார், "ஸ்டாட்ஸ் நே." புள்ளிவிபரவியல் இல்லை. கதை முடிந்தது.

வாவிக்கரை மதிலில் உட்கார்ந்து நான் அழுதேன். அவள் அழவில்லை. மாங்காயில் மிளகாய்த் தூள் அதிகம் என்று விற்றவரோடு சண்டை பிடித்தாள். பிறகு வழக்கம்போல என்னை நாலு பத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம். எனக்கு டவுனில் ஒரு கிளார்க் வேலை. பிறகு பத்திரிகையில் இந்தப் பத்தி. கடிதத் தொடர்பு படித்தது முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாதுதான்.

இப்போது ரிபாயா மடவளையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறாள். எனக்குத் திறந்த வழி அவளுக்கும் திறக்கும். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. அதோடு, விண்ணப்பத்துக்கும் கொப்பி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் இப்போது கண்டிக்குப் பக்கத்திலேயே, கட்டுகஸ்தோட்டையில் குடியிருக்கிறேன். ஆனாலும் பழக்கம் விடுமா? மடவளையில் இறங்கும்போது கண்டக்டர் தம்பியிடம், "திரும்பிப் போக கடைசி பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கடைசி பஸ்ஸா? இந்த ரூட்ல பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்ல அக்கா. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு."

"முந்தியெல்லாம்?"

"முந்தியும் அப்பிடித்தான். எங்க வாப்பாவும் இதே ரூட்லதான் ஓடினாரு. இருட்டின பொறகும் ஓடுவாரு."

பஸ் போய்விட்டது. நான் ஹால்ட்டிலேயே நின்றேன். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். கண்டியிலிருந்து அரை மணித்தியாலப் பயணம். ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்திருந்தாலும் வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாமே அவள்?

கடையில் ரிபாயா யாருடையதோ அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "யா அல்லாஹ், மழ வரப்போகுது!" என்று கத்தினாள். கதிரை வந்தது, குடிக்கப் பிளேன்டி வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் வருடம், ஒரு பாடம், கடைசித் தடவை. அவள் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"ரிபா, ஒண்ணு கேக்குறேன். அஞ்சு மணி வரைக்கும் நின்னா வாப்பா உண்மையிலேயே ஏசுவாரா?"

"வாப்பாவா?" சிரித்துவிட்டாள். "எனக்குக் கணக்கு நல்லா வருமே. கணக்குப் பாடத்த வுட்டுட்டு கடிதம் எழுதப் படிக்கப் போறியான்னுதான் ஒரு மாசம் ஏசினாரு மனுசன்."

"அப்ப ஏன்டி எடுக்கல்ல?"

"நீ தனியாத்தானே அந்த பஸ்ஸுக்குப் போவணும். ஒனக்கு சீட் புடிக்கவும் தெரியாது."

இவ்வளவுதான் சொன்னாள். அதையும் கடைக்கு முன்னால் போன ஆட்டோவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. பஸ்ஸினால் என் படிப்புப் போனது என்று எத்தனை வருடமாக, எத்தனை பேரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன்! இந்தப் பத்தியிலேயே இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். என் பஸ்ஸினால் அவள் படிப்பும் போனது என்று ஒரு நாளாவது எழுதினேனா? யோசிக்கக்கூட இல்லையே!

"என்னத்துக்கு இப்ப அழுற? அது தேவைப்படும்னு எனக்கு மட்டும் தெரியுமா? நானுந்தானே கண்ணாடியில கொண்டையப் பாத்தேன்."

"இப்ப ரெண்டு பேரும் போவோம், ரிபா."

"எனக்கு இனி என்னத்துக்கு டிகிரி?" என்றாள். கை மட்டும் மேசையிலிருந்த என் படிவத்தை எடுத்தது. முதல் பக்கத்தை வாசித்தாள். "வகுப்பு எத்தன மணிக்கு?"

"ரெண்டு பிரிவு. சனிக்கிழமை காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு."

அவள் முகம் விழுந்தது. "காலையில கடைய மூட ஏலாது ஜெசி. சனிக்கிழம காலையிலதான் டியூஷன் புள்ளைகள் நிறைய வாறது. பின்னேரம்னா மகள் வந்து நிப்பாள். நீ எதுல போற?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பின்னேரம்தான் நான் இந்தப் பத்தியை எழுதும் நேரம். பதினோரு வருடமாக அந்த நேரத்தில் வீட்டில் ஒருவரும் என்னோடு பேசக்கூடாது. அன்று எழுதினால்தான் பத்திரிகை ஆசிரியருக்கு ஞாயிறு காலையில் போய்ச் சேரும். இனி வெள்ளிக்கிழமை, வேலைவிட்டு வந்த களைப்போடு எழுத வேண்டும். பழகிக்கொள்வதற்காக இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நானும் பின்னேரந்தான்" என்றேன். "சனிக்கிழம காலையில எனக்குப் பூசை இருக்கு."

ரிபாயா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் சேர்ச்சில் பூசை ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்குத் தெரியாதா? பிறகு கையிலிருந்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். அதில் 'காலைப் பிரிவு' என்ற கட்டத்துக்குள் நான் நீலப் பேனாவால் அழுத்திப் போட்ட சரி அடையாளம் பெரிதாக இருந்தது.

மேசை லாச்சியைத் திறந்து, எழுத்தை வெள்ளையாக மறைக்கிற டிப்பெக்ஸ் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நல்லாக் காஞ்ச பொறகு பின்னேரத்துல போடு" என்றாள்.