பூங்காவனத்தின் இடதுகை

எங்கள் டயாலிசிஸ் மையத்தில் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு வாயே மூடாது. அம்பத்தூரில் நான் காலமெல்லாம் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தாயிற்று, இனியாவது நிம்மதியாகப் படுக்கலாம் என்றால், மெஷின் ஓடி முடியும்வரை அவள் ஊரான சேக்காட்டுக் கதை. ஆனால் அவள் வராத நாளில் எனக்குப் பொழுது போவதில்லை. பெயர் பூங்காவனம். ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகம் இரண்டும் கெடும்வரை ஒரு தையல் கம்பெனியில் காலர் தைத்தவள்.

புருஷன் நடேசன். அப்பன் காலத்தில் நிலபுலன் இருந்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட, அதே இடத்தில் எழும்பிய அடுக்குமாடியில் இப்போது மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறார். குழாயில் கை வைத்தாலே தண்ணீர் ஏறுகிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். பூங்காவனத்தின் இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்து, டயாலிசிஸ் ஊசி குத்த ஃபிஸ்டுலா போட்டபோது, "இதுல எப்பவும் விர்ருன்னு ஒரு அதிர்வு இருக்கணும், தினமும் பாருங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து காலையில் காபிக்கு முன்னால் அந்தக் கையில் காதை வைத்துக் கேட்பது நடேசனின் வேலை. "ஓடுது" என்பார். அதற்கப்புறம்தான் அவள் படுக்கையை விட்டு எழுவாள். எனக்கு அப்படிக் காது வைக்க ஆளில்லை. அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும், பொய் சொல்வானேன்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இறுக்கமாக ஒரு வளையல்கூடப் போடக் கூடாது. இருவருக்கும் இது மனப்பாடம். அப்படியும் இந்த ஆடியில் புத்தி கெட்டுப்போனது.

அவர்கள் தெரு அம்மன் கோயில் தீமிதியில் பூங்கரகம் எடுப்பது நடேசன் வீட்டு முறை. எடுப்பவரும் பெண்டாட்டியும் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆம்பளைக்கு வலதுகை, பொம்பளைக்கு இடதுகை. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து போனதும் காப்பு, ஞாயிறு தீமிதி, திங்கள் இங்கே வருவதற்குள் அவிழ்த்துவிடலாம் என்று கணக்கு.

"வலதுல கட்டேன்யா" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"ஊர்ல இன்னா சொல்லுவாங்க? லூசாத்தான் கட்றேன்மே."

லூசாகத்தான் கட்டினார். மஞ்சள் தண்ணீரில் நனைந்து நனைந்து நூல் இறுகியது. விரதம் என்று அவளும் அரை வயிறோடு கிடந்தாள்.

திங்கட்கிழமை டெக்னீஷியன் அவள் கையைத் தொட்டான், நகர்த்தி மறுபடி தொட்டான், டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "எப்ப நின்னுச்சு?" என்றார்.

"நேத்து காலையில சார்" என்றார் நடேசன். "காதை வெச்சேன், சத்தமே இல்ல. சாயங்காலம் கரகம் எடுக்கணும். கட்டின காப்பை நடுவுல அறுத்தா எடுக்க வுடமாட்டாங்க. ஓடுதுன்னு சொல்ட்டேன்."

டாக்டர் கோபப்படவில்லை. "முன்னெல்லாம் அடைச்சா அந்த இடம் போச்சு, வேற இடத்துல புதுசா போடணும். இப்போ உள்ள சின்ன பலூன் விட்டுத் திறந்துடறோம். ஆனா உடனே வந்திருக்கணும்பா" என்றார்.

திட்டியது நான். ஊசியோடு பாதி எழுந்து உட்கார்ந்து, வார்டே திரும்பிப் பார்க்கத் திட்டினேன். நீயெல்லாம் ஒரு மனுஷனா, ஊர் மெச்ச இவ கையைக் கொடுத்துட்டியே என்றேன். "ஆமாக்கா" என்றார் அந்த ஆள், அவ்வளவுதான்.

பலூன் விட்டுத் திறந்தார்கள். கை பிழைத்தது, ஆனால் பழைய வேகம் இல்லை, மறுபடி அடைத்துக்கொள்ளக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நடேசன் கரகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். காது வைப்பதும் நின்றுவிட்டது. காலையில் அவள் கையைத் தூக்கி அவள் காதிலேயே வைத்து, "என்னை நம்பாத, நீயே கேட்டுக்கோமே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாராம்.

"நல்லா வேணும் அந்த ஆளுக்கு" என்றேன்.

பூங்காவனம் வழக்கமில்லாமல் குரலைத் தாழ்த்தினாள். "ஆக்னஸக்கா, நான் அந்தக் கையைக் கன்னத்துக்கு அடியில வெச்சுக்கினுதான் தூங்குவேன். சனிக்கிழம நைட்டே நின்னுபோச்சு. எனக்குத் தெரியும். காலையில அவரு ஓடுதுன்னாரு. நானும் சரின்னு எழுந்துட்டேன்."

"ஏன்டி?"

"வருசத்துல அந்த ஒரு நாள்தான் அவரு தலைநிமிந்து நடப்பாரு. என்னால கெட்டுப்போவ வாணாம்னு. டாக்டர் கேட்டப்போ, நீங்க திட்டினப்போ, வாயைத் தொறந்திருக்கணும். தொறக்கலக்கா. பாவி, அவரை மட்டும் குத்தவாளியா நிக்க வெச்சுட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கான திட்டையும் அந்த மனுஷன் தனியாக அல்லவா வாங்கிக்கொண்டு போனார்.

"இன்னைக்கே சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவேன்" என்றேன்.

மெஷினை நிறுத்தி ஊசியை எடுத்து முடித்ததும் நடேசன் கூட்டிப்போக வந்தார். செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தார். அவள் போட்டுக்கொள்ளாமல், என்னிடம் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்தபடியே அவரிடமும் சொன்னாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அவள் இடதுகையை எடுத்து, பிளாஸ்திரி போட்ட இடத்தை விட்டு மணிக்கட்டில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"ஓடுது" என்றார்.

அவள் வலதுகை விரல்களை அதே இடத்தில் வைத்துத் தானும் பார்த்தாள். அவள் தலையாட்டும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை.