ஆற்றில் கால் படாமல்

என் மாமா திட்டம் போடுவதில் சூரர். கொல்லத்துக்குச் சைக்கிளில் போக ஒரு திட்டம், கன்னியாகுமரிக்கு நடந்து போக ஒரு திட்டம். எதற்கும் கிளம்பியதாகச் சரித்திரம் கிடையாது. தென்காசியில் ஒரு செல்போன் கடையில் வேலை. அம்மாவின் தம்பி என்ற உரிமையில் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில். வெளிநாட்டுக்காரர்கள் நாயோடு மலையேறிக் கூடாரம் அடிக்கும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, சாரல் ஆரம்பித்த ஒரு நாளில், "ஏட்டி, செவலையக் கூட்டிட்டு நடந்தே போயி, ஒரு ராத்திரி கூடாரத்துல தங்கிட்டு வருவமா?" என்று கேட்டார். நான் நம்பவில்லை. ஆனால் அவர் தேதியும் சொன்னார். மாமா ஒரு திட்டத்துக்குத் தேதி சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

செவலை எங்கள் நாய். குட்டியாக நான் தெருவிலிருந்து தூக்கி வந்தது. அந்த மாதம் அது வீட்டுக்காரர் பேத்தியின் காலைக் கடித்துவிட்டது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து அப்பாவிடம் வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் செவலையைச் சங்கிலியில் கட்டினார்கள். அதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பயணத்துக்கு நான்தான் கணக்கப்பிள்ளை மாதிரி நோட்டும் கையுமாக அலைந்தேன். காட்டுக்குள் தங்க வனத்துறை விடாது, குற்றாலத்திலோ சீசன் கூட்டம். அதனால் இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி என்று நடந்து, ஆற்றைத் தாண்டி, அக்கரையில் மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் தென்னந்தோப்பில் கூடாரம் அடிப்பதாக முடிவானது. டார்ச், தார்ப்பாய், பிஸ்கட், செவலைக்கு முட்டைச் சோறு, அதன் பாதத்தில் தடவத் தேங்காய் எண்ணெய் என்று வரிசையாக எழுதினேன். தினமும் சாயங்காலம் இலஞ்சி வரைக்கும் அதை நடத்திப் பழக்கினேன். திருப்பத்துக்குத் திருப்பம் அது நின்று மோந்து பார்க்கும் என்பதால், அதற்கும் நேரம் ஒதுக்கி எழுதிவைத்தேன்.

மாமா நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றே ஒன்றில்தான் பிடிவாதம்.

"ஆத்துல பாலம் இருக்குல்லா மாமா?"

"பாலத்துல போறதுக்கு பஸ்ஸுலயே போயிரலாமே. நாம தண்ணியில இறங்கித்தான் போவோம். செவலைய நான் தூக்கிக்கிடுதேன். அது கால் தண்ணியில படக் கூடாது, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். நாய்க்குச் சளி பிடிக்காமல் இருக்க என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று அம்மா செவலைக்குக் கோழிக் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தாள். அதுவரை அதை வாசற்படி தாண்டி உள்ளே விடாதவள். "அது தட்டையும் எடுத்துக்கோ, படுக்குத சாக்கையும் எடுத்துக்கோ" என்றாள். அம்மாவும் ஒருவழியாக எங்கள் திட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நோட்டில் அந்த இரண்டையும் கடைசியாகச் சேர்த்தேன்.

அந்த நடை எனக்கு அடி அடியாக ஞாபகம் இருக்கிறது. சாரலில் நனைந்துகொண்டே போனோம். செவலை ஒவ்வொரு கம்பத்திலும் காலைத் தூக்கியது. பண்பொழி தாண்டும்போது திருமலைக் கோவில் மேகத்துக்குள் போயிருந்தது. ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். மாமா செவலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்னங்கால்கள் தொங்கின. பின்னாலேயே போய் நான் அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நடுவில் இரண்டு தடவை, "கால் படலைல்லா?" என்று கேட்டார். படவில்லை என்றேன், பெருமையாக.

அன்று இரவு கூடாரம் ஒழுகியது. செவலை என் வயிற்றில் முதுகை ஒட்டிப் படுத்திருந்தது. மாமா உள்ளே வரவே இல்லை. வெளியே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீடியோவில் அப்படி யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

காலையில் திட்டம் மாறியது. செவலை காலில் முள் ஏறியிருக்கிறது, இரண்டு நாள் தோப்பிலேயே கிடக்கட்டும், நாம் பஸ்ஸில் போவோம் என்றார் மாமா. தட்டையும் சாக்கையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். நல்லவேளை கொண்டுவந்தோம் என்று நான் சொன்னேன்.

மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது மாமா தலையை நிமிர்த்தாமல், "கயித்த அத்துக்கிட்டு ஓடிப்போச்சாம்ட்டி" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. "வந்துரும் மாமா. வழி பூரா நடந்துதான போச்சு, ஒவ்வொரு திருப்பத்தையும் மோந்து பாத்துருக்கு. ஆத்துல மட்டும்தான் நடக்கல" என்றேன். மாமா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் வாசல் கேட்டைத் தாழ் போடாமல் வைத்திருந்தேன். படுக்கையில் கிடந்தபடி செவலையைப் பண்பொழியிலிருந்து செங்கோட்டைக்கும், செங்கோட்டையிலிருந்து இலஞ்சிக்கும் மனசுக்குள் நடத்திக் கூட்டிவருவேன். ஒரு நாள்கூட ஆற்றங்கரையிலிருந்து ஆரம்பித்ததில்லை.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா, எங்கே கொண்டுவிட்டாலும் திரும்பி வந்துவிடும் தன் நாயைப் பற்றி அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். "ஆத்துக்கு அங்கிட்டு விடணும்" என்றாள் அம்மா, சமையல் பக்குவம் சொல்லுகிற மாதிரி. "தண்ணியில கால் படாமத் தூக்கிட்டுப் போவணும். கால் பட்டுச்சுன்னா மணம் புடிச்சு வந்துரும்." நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

நாயை விட்டுவர ஓர் ஆட்டோ போதும். அவ்வளவு தூரம் மாமா நடந்தது எனக்காகத்தான் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் அவரிடம் ஒன்றைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று அன்று சொன்னது நிஜமா, பொய்யா? பொய்யாக இருந்தால், செவலை அந்தத் தோப்பிலேயே தின்று, குரைத்து, கிழடாகிச் செத்திருக்கும். நிஜமாக இருந்தால், அது ஓடிவந்து அந்த ஆற்றங்கரையில் நின்றிருக்கும். அதன் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தது நான்தான்.